பெட்டியில் வந்த அலமாரி: கதவுக் கோளாறுகளும் சரிசெய்யும் வரிசையும்

பலகையும் திருகுமாகப் பெட்டியில் வந்து வீட்டிலேயே பூட்டி நிறுத்தும் அலமாரிகளில் முதலில் தொல்லை தருவது கதவுதான். சில கதவுகள் பூட்டிய அன்றே கோணலாக நிற்கும். சில ஆறு மாதம் சமர்த்தாக இருந்துவிட்டு ஒரு நாள் உரச ஆரம்பிக்கும். தெரிந்தவர்கள் வீட்டில் இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: கோணல் கதவில் தெரிகிறதே தவிர, பெரும்பாலும் அது தரையிலோ பெட்டியிலோதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கீலைத் திருக ஆரம்பித்தால், திருகு கடைசிவரை ஓடிவிடும், கதவு மட்டும் நேராகாது.

அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் காரணங்களைச் செலவில்லாததில் தொடங்கி, பணம் கேட்பது வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். இதெல்லாம் கதவின் உள்பக்கம் மறைந்திருக்கும் கிண்ணக் கீலுக்கு மட்டும். கடைகளில் ஆட்டோ ஹிஞ்ச் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், அதுதான்.

## திருகும் முன்

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், அளவு டேப், ரசமட்டம், தடித்த அட்டைத் துண்டுகள் சில. இவை போதும். ரசமட்டம் இல்லையென்றால் செல்போனில் மட்டம் பார்க்கும் ஆப் உதவும். போனின் பக்கவாட்டு விளிம்பைப் பலகைமேல் வையுங்கள். முதுகை வைத்தால் கேமரா மேடு ஏமாற்றிவிடும்.

திருகின் தலையை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறிக்கு நடுநடுவே மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ் வகை, அதற்கு பிஇசட் 2 முனை வேண்டும். சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக உட்காராது. நாலு தடவை வழுக்கினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் அந்தத் திருகைக் கழற்றுவது தனி வேலை. இறுக்குவதற்கு டிரில் மெஷினை எடுக்கவே எடுக்காதீர்கள். பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அது கண்ணிமைக்கும் நேரம் அதிகம் சுற்றினாலே திருகின் பிடிப்பு போய்விடும்.

கதவைத் திறந்து கீலைப் பாருங்கள். கதவில் 35 மி.மீ. வட்டக் குழிக்குள் ஒரு கிண்ணம் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு கை நீண்டு, பக்கப் பலகையில் பதித்த தகட்டில் மாட்டியிருக்கும். அந்தக் கையில் இரண்டு திருகுகள். கதவுக்குக் கிட்டே இருப்பது முன் திருகு. அது கதவை இடம் வலமாக நகர்த்தும். உள்ளே தள்ளி இருப்பது பின் திருகு. அது கதவைப் பெட்டியை ஒட்டி இழுக்கும் அல்லது விலக்கும். தகட்டைப் பலகையோடு பிடித்திருக்கும் மேல், கீழ்த் திருகுகள் ஏற்ற இறக்கத்துக்கு. எந்தத் திசையிலும் ஏறக்குறைய 2 மி.மீ.தான் நகரும். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் கோளாறு கீலில் இல்லை.

எந்தப் பக்கம் திருகினால் கதவு எந்தப் பக்கம் போகும் என்பது கீலுக்குக் கீல் மாறும். மனப்பாடம் செய்ய வேண்டாம். தொடங்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரைச் சுற்று திருகுங்கள், கதவை மூடுங்கள், நாலடி தள்ளி நின்று பாருங்கள். தப்பான பக்கம் போனால் திருப்பிக்கொள்ளலாம்.

## கோளாறு 1: இரண்டு கதவுக்கு நடுவே இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி

எனக்கு வரும் புகார்களில் இதுதான் அதிகம். நல்ல நிலையில் நடு இடைவெளி மேலிருந்து கீழ்வரை 2 அல்லது 3 மி.மீ. இருக்கும். மேலே குறுகிக் கீழே விரிந்தால், ஏதோ ஒரு கதவின் கைப்பிடிப் பக்கம் தொங்குகிறது. எந்தக் கதவு என்பதை மேல் விளிம்பு சொல்லிவிடும்: கீல் பக்கம் உயர்ந்து, கைப்பிடிப் பக்கம் தாழ்ந்து சரிவாக இருப்பது அது.

முதலில் அந்தக் கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் இங்கே நிற்க வேண்டாம், நேராகக் கோளாறு 5-க்குப் போங்கள். ஆடவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

### தரை

நம் வீட்டுத் தரைகளில் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள், குறிப்பாகக் குளியலறை, பால்கனி, சமையலறை ஓரங்களில். அலமாரியின் நாலு காலில் மூன்று தரையில் நிற்க, முன்கால் ஒன்று கொஞ்சம் அந்தரத்தில் இருந்தாலே போதும். உள்ளே துணியும் பாத்திரமும் ஏறியதும் பெட்டி அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும், அந்தப் பக்கக் கதவு தாழ்ந்து போகும்.

சோதனை சுலபம். தாழ்ந்து தெரியும் கதவு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து முன்காலுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகுங்கள். ஒருவர் பெட்டியை லேசாகத் தூக்க, இன்னொருவர் செருக வேண்டும். கதவை மூடிப் பாருங்கள். இடைவெளி கொஞ்சமாவது நேரானால் குற்றவாளி தரைதான். இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒன்று என்று நேராகும்வரை வைத்துப் பார்த்துவிட்டு, அதே தடிமனுக்கு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டை நிரந்தரமாக வையுங்கள். அட்டையையே விட்டுவிட்டால் வீடு கழுவும்போது ஊறி நசுங்கிவிடும். சில அலமாரிகளுக்குக் காலிலேயே திருகி உயர்த்தும் புஷ் இருக்கும். அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அட்டை தேடுங்கள்.

### பெட்டியின் மூலைகள்

தரை சரியாக இருந்தும் கோணல் போகவில்லையா? டேப்பை எடுத்துப் பெட்டியின் முன்பக்கத்தை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள்: இட மேலிருந்து வலக் கீழ், வல மேலிருந்து இடக் கீழ். இரண்டும் ஒரே அளவாக வர வேண்டும். 2 மி.மீ. வித்தியாசத்தைக் கீல் சமாளித்துவிடும். 5 மி.மீ. என்றால் சமாளிக்காது.

பெட்டியை மூலை கலங்காமல் பிடித்து வைப்பது பின்னால் அடிக்கும் மெல்லிய ஹார்ட்போர்டு. பூட்டும்போது இதற்குத்தான் யாரும் மரியாதை கொடுப்பதில்லை. பின்பக்கம் தெரியப்போவதில்லை என்று நாலு ஆணியோடு நிறுத்திவிடுவார்கள், அல்லது பள்ளத்தில் சரியாக இறங்காமலே விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கோளாறுக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

சரிசெய்ய அலமாரியைக் காலி செய்து, சுவரிலிருந்து நகர்த்த வேண்டும். பின்பலகையில் ஒரு பக்கமும் அடியிலும் உள்ள ஆணிகளைப் பிடுங்குங்கள். குறுக்களவு எந்தப் பக்கம் நீளமோ, அந்த இரண்டு மூலைகளையும் ஒன்றையொன்று நோக்கி ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். இரண்டு அளவும் ஒன்றானதும் பிடித்த பிடியிலேயே ஆணியைத் திரும்ப அடியுங்கள். பழைய ஓட்டையில் அடிக்காமல் கொஞ்சம் தள்ளி, சுமார் 10 செ.மீ.க்கு ஒன்றாக அடிப்பது நல்லது. பலகைகளை இணைக்கும் மினிஃபிக்ஸ் பூட்டுகளில் (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் இறுகும் வட்டத் துண்டுகள்) ஏதாவது தளர்ந்திருந்தால் அதையும் இதே சமயம் இறுக்கிவிடுங்கள்.

### கீலின் முன் திருகு

இப்போதுதான் கீலின் முறை. தொங்கும் கதவின் மேல் கீலில் முன் திருகை, கதவின் தலை கீல் பக்கமாகப் போகும்படி அரைச் சுற்று. கீழ்க் கீலில் அதற்கு நேர்மாறாக, அடி நடுவை நோக்கி வரும்படி அரைச் சுற்று. இரண்டையும் பகிர்ந்து திருகினால் எந்தத் திருகும் எல்லைவரை ஓடாது.

உயரமான கதவில் நடுவிலும் கீல் இருக்கும். மேலும் கீழும் சரியான பிறகு, நடுவில் இருப்பதை அவற்றுக்கு இடைப்பட்ட நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதை விட்டுவிட்டால் கதவு நடுவில் பிடித்து இழுத்த மாதிரி இறுக்கமாகச் சுழலும்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

குறுக்களவு சரியாகிறது, கையை எடுத்ததும் திரும்பக் கோணலாகிறது என்றால், பலகையில் மினிஃபிக்ஸ் பூட்டு உட்காரும் குழியே உடைந்திருக்கும். கார்பெண்டரைக் கூப்பிட்டு உள்மூலையில் இரும்பு எல் கிளாம்ப் போடச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை.

## கோளாறு 2: இடைவெளி நேராக இருக்கிறது, ஆனால் ஒரு கதவு உயரம், ஒரு கதவு தாழ்வு

முன்கால் சோதனையை இங்கேயும் முதலில் செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால் தகட்டுத் திருகுகள். கதவுக்கு அடியில் பழைய புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுங்கள். எல்லாக் கீல்களிலும் தகட்டின் மேல், கீழ்த் திருகுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். ஓட்டை நீளவாக்கில் இருப்பதால் தகடு மேலும் கீழும் நகரும். வேண்டிய உயரத்துக்குக் கதவைத் தூக்கி, மேல் கீலை முதலில் இறுக்குங்கள். சில தகடுகளில் நடுவே தனியாக ஒரு திருகு இருக்கும். அதைச் சுற்றினாலே கதவு ஏறி இறங்கும், எதையும் தளர்த்த வேண்டியதில்லை.

வித்தியாசம் மூன்று செ.மீ. அளவுக்குப் பெரிதாக இருந்தால், பூட்டும்போது தகட்டை அடுத்த ஓட்டையில் போட்டுவிட்டார்கள். பக்கப் பலகையில் வரிசையாக உள்ள ஓட்டைகள் பெரும்பாலும் 32 மி.மீ. இடைவெளியில் இருக்கும். பக்கத்துக் கதவின் தகடு எத்தனையாவது ஓட்டையில் இருக்கிறது என்று எண்ணி ஒப்பிடுங்கள்.

## கோளாறு 3: மூடினாலும் கதவு துருத்திக்கொண்டு நிற்கிறது

### கீல் பக்கம் மேலும் கீழும் ஒன்றாக இல்லை

பக்கவாட்டில் நின்று கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள சந்தைப் பாருங்கள். மேல் முதல் கீழ்வரை ஒன்றரை மி.மீ. போல ஒரே சீராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பின் திருகு. சில கீல்களில் அதைச் சுற்றினாலே கதவு உள்ளேயும் வெளியேயும் போகும். சிலவற்றில் தளர்த்தி, கையால் தள்ளி, இறுக்க வேண்டும். இரண்டாவது வகையில் கதவு முழுதும் அந்தத் திருகை நம்பித்தான் நிற்கிறது, எனவே ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் தளர்த்துங்கள்.

### கைப்பிடிப் பக்கம் ஒரு மூலை மட்டும் வெளியே

பெட்டி முறுக்கியிருக்கலாம், அல்லது கதவே வளைந்திருக்கலாம். நீளமான ஸ்கேலையோ இறுக்கிப் பிடித்த நூலையோ கதவின் குறுக்கே மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். கதவு தட்டையாக இருந்தால் கோளாறு 1-இல் சொன்ன தரை, பின்பலகை வேலைதான். வளைந்திருந்தால் கீலில் தீர்வு இல்லை. சில மி.மீ. வளைவை அந்த மூலையில் ஒரு காந்தக் கேட்சர் போட்டு இழுத்து நிறுத்திவிடலாம். அதற்கு மேல் என்றால் புதுக் கதவுப் பலகை வெட்டித்தான் ஆக வேண்டும். குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்கு இது அடிக்கடி வரும்; சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள்.

## கோளாறு 4: மூடினால் திரும்பத் திறந்துகொள்கிறது

முதலில் உள்ளே பாருங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு, ஹேங்கரின் மூக்கு, பிதுங்கும் போர்வை. சிரிக்காதீர்கள், ஸ்க்ரூ டிரைவரோடு போய்ப் போர்வையை மடித்து வைத்துவிட்டுத் திரும்பிய வீடுகள் உண்டு.

அது இல்லையென்றால் கீல் பக்கம் கதவு பெட்டியில் முட்டுகிறதா என்று ஒரு தாளைச் சந்தில் விட்டுப் பாருங்கள். தாள் நுழையவில்லை என்றால் பின் திருகால் கதவைக் கொஞ்சம் விலக்குங்கள். மெதுவாக மூடும் கீலாக இருந்து, கதவு சிறியதாக, கனமில்லாமல் இருந்தால், கடைசி ஓர் அங்குலத்தில் நின்றுவிடும். பல கீல்களில் கிண்ணத்தின் மேல் சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு கீலில் மட்டும் அதை அணைத்தால் போதும். கீலைக் கையால் மடக்கும்போது ஸ்பிரிங் வலு தெரியவில்லை என்றால் ஸ்பிரிங் போய்விட்டது. அந்தக் கீலையே மாற்ற வேண்டும், ரிப்பேர் கிடையாது.

## கோளாறு 5: கீல் ஆடுகிறது, திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இதை ஒத்திப்போடாதீர்கள். ஒரு கீல் விட்டுவிட்டால் கனம் முழுதும் மற்றதில் ஏறும், ஒரு வாரத்தில் அதுவும் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் எல்லாத் திருகையும் கையால் இறுக்கிப் பாருங்கள். பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒன்றே ஒன்று சும்மா சுற்றினால், உள்ளே பார்ட்டிகிள் போர்டு தூளாகிவிட்டது. இங்கே பலரும் செய்வது நீளமான திருகைப் போடுவது. பலகை 16 அல்லது 18 மி.மீ.தான். கொஞ்சம் நீளம் கூடினாலும் மறுபக்கம் வந்து எட்டிப் பார்க்கும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

### மெல்லிய திருகு, அதாவது மூன்றரை மி.மீ. தடிமன்

கதவைக் கழற்றிக் கீழே படுக்க வையுங்கள். கீலின் பின்முனையில் அழுத்தும் கிளிப் இருந்தால், கீழ்க் கீலில் தொடங்கி மேல் கீலைக் கடைசியாக விடுவியுங்கள். மாட்டும்போது மேல் கீல் முதலில். இரண்டு பேர் இருப்பது நல்லது.

ஓட்டையில் உள்ள தூளை ஊதி எடுத்துவிட்டு, ஃபெவிகாலில் தோய்த்த பல்குத்தும் குச்சிகளை இறுக்கமாக அடையுங்கள். மருந்து நீக்கிய தீக்குச்சியும் ஆகும். மெழுகு பூசிய குச்சி வேண்டாம், அதில் பசை பிடிக்காது. ஒரு நாள் முழுதும் காய விடுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதைப் பிளேடால் பலகையோடு மட்டமாக வெட்டி, நடுவில் 2 மி.மீ. துளை போட்டு, அப்புறம் திருகை ஏற்றுங்கள். காயும் முன் திருகினால் பட்ட பாடு வீண்.

### தடித்த திருகு, அதாவது 6 மி.மீ.

குச்சிகள் இதற்குப் போதாது. ஓட்டையை 8 மி.மீ. ஆக்கி, அலமாரியோடு மிச்சம் வந்த மர டவலை (பலகைகளைக் கோக்கும் சின்ன உருளைக் கட்டை) ஃபெவிகால் பூசி இறக்கி, மட்டமாக அறுத்து, காய்ந்தபின் நடுவில் புதிதாகத் துளை போட வேண்டும். டிரில் முனையில் 12 மி.மீ. தூரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபக்கம் துளைத்துவிடாமல் இருக்கும்.

### கிண்ணமே பிய்ந்து வந்துவிட்டது

கதவில் கிண்ணத்தைச் சுற்றிப் பலகை உடைந்திருந்தால் இரண்டு வழி. உடைந்தது கொஞ்சமாக இருந்தால் எம்-சீல் போன்ற எபாக்சி களிம்பால் பள்ளத்தை நிரப்பி, கெட்டியானபின் துளை போடலாம். அதிகமாக இருந்தால் கீல் ரிப்பேர் பிளேட் என்று தகடு கிடைக்கிறது. கிண்ணத்துக்கு இடம் விட்டு வெட்டியிருக்கும் அதைப் பலகையின் உடையாத பகுதியில் திருகி, கீலை அதன்மேல் பூட்டிவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கதவின் உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

### பலகை உப்பிவிட்டது

சிங்க்குக்கு அடியில் உள்ள கபோர்டில் இது சகஜம். விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தால், அங்கே எந்தப் பசையும் நிற்காது. முதலில் ஒழுகும் குழாயைச் சரிசெய்ய பிளம்பர், அப்புறம் பலகையை மாற்றக் கார்பெண்டர். இந்த வரிசையை மாற்றினால் புதுப் பலகையும் உப்பும்.

## கோளாறு 6: திறக்கும்போது பக்கத்துக் கதவிலோ சுவரிலோ இடிக்கிறது

முன் திருகால் 1 மி.மீ. விலக்கிப் பாருங்கள். அதில் தீரவில்லை என்றால் கீல் வகையே மாறியிருக்கலாம். மூன்று கதவு பீரோக்களில் நடுத் தடுப்புப் பலகையில் இரண்டு கதவுகள் பங்கு போடும் அமைப்பு உண்டு. அங்கே வளைந்த கை உள்ள கீல் வேண்டும். வெளிப் பக்கப் பலகைகளுக்கு நேரான கை. பெட்டிக்குள் இரண்டும் தனித்தனிப் பொட்டலமாக வரும், பூட்டுகிற அவசரத்தில் கலந்துவிடும். கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வளைவு தெரியும். மாற்றி மாட்டினால் செலவில்லாமல் தீர்ந்தது.

## கோளாறு 7: மழைக்காலத்தில் மட்டும் உரசுகிறது

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை கொஞ்சம் பருக்கும். உரசும் இடத்தில் அரை மி.மீ. விலக்கிவிட்டு, தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம். விளிம்புப் பட்டை உரிந்திருந்தால் மட்டும் உடனே ஒட்டுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

## நீங்கள் தொடவே வேண்டாதவை

ஆளுயரக் கண்ணாடி பதித்த கதவு. தனியாளாகக் கழற்றினால் கண்ணாடியும் போகும், காலும் போகும். மேல்நோக்கித் திறக்கும், கேஸ் ஸ்பிரிங் வைத்த கதவும் அப்படியே. அழுத்தத்தோடு விசிறி அடிக்கும்.

சுவரில் தொங்கும் கபோர்டின் கதவு திடீரென்று கோணலானால், கதவை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே புதிதாக இடைவெளி தெரிந்தால், உள்ளே இருக்கும் பாத்திரங்களை இறக்கிவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள். உயரமான பீரோ சுவரோடு பிணைக்கப்படாமல் நின்றால், எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து வேலை செய்யாதீர்கள், முன்னால் சாயும். பிணைக்கும் பட்டையை முதலில் போட்டுவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் புதுத் துளை போடும் முன் வாங்கிய இடத்துக்குப் படத்தோடு எழுதிவிடுங்கள். துளை போட்டபின் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். கீலை மாற்ற ஹார்டுவேர் கடைக்குப் போனால் பழைய கீலையும் தகட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கிண்ணம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒரே அளவு. ஆனால் கை ஒரு கம்பெனி, தகடு ஒரு கம்பெனி என்றால் மாட்டாது, இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.